மாசசூசெட்ஸ் சின்ன டவுன்: கராஜ், மேல்மாடி, பெற்றோருக்குத் தனி வீடு. மூன்றுக்கும் ஒரே வேரியன்ஸ் (ஸோனிங் விதிவிலக்கு) போதுமா?

#1 வடக்குமுற்றம்

வணக்கம். மாசசூசெட்ஸில் ஒரு சின்ன டவுன். மனை 14,200 சதுர அடி. அந்த ஸோனில் (கட்டட விதிகளுக்காக டவுன் பிரித்த பகுதி) இப்போது 30,000 வேண்டும். தெருமுகம் 84 அடி, வேண்டியது 150. வீடு 1956இல் கட்டியது, இன்றைய ஸோனிங் விதிகளுக்கு முந்தையது. பக்க செட்பேக், அதாவது எல்லைக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடம், 20 அடி. இடப்பக்கம் வீட்டுச் சுவருக்கும் எல்லைக்கும் நடுவே 11.5 அடிதான், வலப்பக்கம் 22 அடி. கொல்லைப்புறம் பாதி பாறை, மீதி செப்டிக்கின் லீச் ஃபீல்டு (கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடம்).

செய்ய நினைப்பது:
அ) வலப்பக்கம் வீட்டை ஒட்டி 14க்கு 24 அடியில் ஒரு கார் கராஜ். கட்டினால் எல்லைக்கு 8 அடி மிஞ்சும்.
ஆ) இடப்பக்கம் இப்போதுள்ள சுவர்மேலேயே இரண்டாம் மாடி.
இ) அம்மா அப்பாவுக்குப் பின்பக்கம் ஒட்டி, தனிச் சமையலறையோடு 650 சதுர அடியில் சின்ன வீடு.

பில்டிங் இன்ஸ்பெக்டர் மூன்றையும் ஒரே கடிதத்தில் மறுத்து, ஸோனிங் போர்டு ஆஃப் அப்பீல்ஸுக்குப் போகச் சொல்லிவிட்டார். மூன்றையும் ஒரே வேரியன்ஸ் மனுவில் கேட்கலாமா? அம்மாவால் படியேற முடியாது என்ற டாக்டர் கடிதம் வைத்தால் உதவுமா?

#2 எடிசன்காரன்

கண்டிப்பா வைங்க. போர்டுல உக்காந்திருக்கறவங்களும் மனுஷங்கதான். நியூஜெர்ஸில 200 அடிக்குள்ள இருக்கற எல்லாருக்கும் 10 நாள் முன்னாடி நோட்டீஸ் அனுப்பிட்டு, படம் போட்டுக் காட்டி, கஷ்டத்தை எடுத்துச் சொன்னா, செட்பேக் மாதிரி அளவுகளுக்கான 'சி' வேரியன்ஸ் பெரும்பான்மை ஓட்டுல கெடைச்சுடும். மூணையும் சேத்தே போடுங்க, ஒரே ஃபீஸோட போயிடும்.

#3 கணக்குப்பிள்ளை

எடிசன் நண்பரே, மன்னிக்கணும். நீங்கள் சொன்ன 200 அடி, 10 நாள், பெரும்பான்மை மூன்றும் நியூஜெர்ஸிக்குச் சரி, மாசசூசெட்ஸுக்கு மூன்றும் தப்பு. டாக்டர் கடிதமோ நியூஜெர்ஸியிலும் செல்லாது. அங்கேயும் கஷ்டம் மனைக்கு இருக்க வேண்டும், மனிதருக்கு இருந்தால் கணக்கில் வராது.

வடக்குமுற்றம், உங்கள் மூன்று வேலைக்கும் மூன்று வெவ்வேறு வழி. ஒன்றுக்குத்தான் வேரியன்ஸ்.

முதலில் (இ). இதற்கு போர்டே தேவையில்லை. 2024இல் வந்த மாநில வீட்டுவசதிச் சட்டப்படி, 2025 பிப்ரவரி 2 முதல் தனிவீட்டு ஸோனில் ஒரு துணை வீடு உரிமையாகவே கட்டலாம். அளவு 900 சதுர அடி, அல்லது இப்போதைய வீட்டின் பரப்பில் பாதி, இதில் எது சிறியதோ அது. இதற்கு ஸ்பெஷல் பெர்மிட் (போர்டு பரிசீலித்துத் தரும் தனி அனுமதி) வாங்கச் சொல்லவோ, உரிமையாளர் அங்கேயே குடியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடவோ டவுனுக்கு அதிகாரம் இல்லை. செட்பேக், செப்டிக் போன்ற நியாயமான விதிகள் பொருந்தும். வீடு எத்தனை சதுர அடி என்று நீங்கள் சொல்லவில்லை. 1,300க்குக் கீழே என்றால் 650 கிடைக்காது. கராஜைப் பரப்பில் சேர்க்க முடியாது.

இன்ஸ்பெக்டரின் மறுப்புக் கடிதத் தேதியை இன்றே பாருங்கள். அவர் முடிவே தவறு என்று வாதிட வேண்டுமானால் அந்தத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் அப்பீல் போட வேண்டும். வேரியன்ஸ் மனுவுக்கு அப்படிக் கெடு கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். எல்லாவற்றையும் ஒரே மனுவில் கட்டிப்போட்டு 30 நாளைத் தாண்டவிட்டால், உரிமையாகக் கிடைப்பதை நீங்களே சலுகையாகக் கேட்டது போல் ஆகிவிடும். முதலில் இன்ஸ்பெக்டருக்கு ஒரு பக்கக் கடிதம், சட்டத்தைச் சுட்டிக்காட்டி. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் அப்பீல்.

(ஆ): இது 40ஏ என்ற மாநில ஸோனிங் சட்டத்தின் 6ஆம் பிரிவு. பழைய ஒருகுடி, இருகுடி வீடுகளுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. கேள்வி இரண்டுதான். இந்த மாற்றம் இருக்கிற மீறலை இன்னும் கூட்டுகிறதா? கூட்டவில்லை என்றால் நேரே பெர்மிட். கூட்டுகிறது என்றால், அக்கம்பக்கத்துக்கு இப்போதிருப்பதைவிடக் கணிசமாகக் கெடுதல் இல்லை என்று போர்டு ஒரு தீர்மானம் எழுதினால் போதும். அதற்குமேல் வேரியன்ஸும் வேண்டும் என்று டவுன்கள் கேட்டுவந்ததை புரூக்ளைன் வழக்கில், பெல்லால்டா என்று தேடினால் கிடைக்கும், 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் நிறுத்திவிட்டது. 11.5 அடியில் இருக்கும் சுவர் 11.5 அடியிலேயே மேலே போகிறது. அரை அடிகூட வெளியே நீட்டாதீர்கள், கூரை விளிம்பு உட்பட.

(அ): வலப்பக்கம் இப்போது 22 அடி, விதியை மீறவில்லை. கராஜ் வந்தால் 8 அடி, அதாவது புதிய மீறல். 6ஆம் பிரிவு பழைய மீறலுக்குத்தான் குடை பிடிக்கும், புதியதற்குப் பிடிக்காது. இதற்குத்தான் வேரியன்ஸ்.

அம்மாவுக்கு வாசலில் வீல்சேர் சரிவுப் பாதை வேண்டுமா? அதையும் போர்டிடம் கேட்க வேண்டாம். உடல் ஊனமுற்றவர் வந்துபோவதற்காக மட்டும் போடும் சரிவுப் பாதைக்கு செட்பேக்கே பொருந்தாது என்று அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்கிறது. டாக்டர் கடிதத்தை அங்கே பயன்படுத்துங்கள்.

#4 வடக்குமுற்றம்

கண் திறந்தது. கடிதம் வந்து 12 நாள்தான் ஆகிறது. வீடு 1,420 சதுர அடி. கராஜ் வேரியன்ஸுக்கு எதை நிரூபிக்க வேண்டும்? பாறை இருப்பது போதுமா?

#5 பாறைமேல்வீடு

பாறை இருப்பது போதாது. பாறை உங்களிடம் இருந்து, தெருவில் மற்றவர்களிடம் இல்லாமல் இருக்க வேண்டும்.

வேரியன்ஸுக்கு அதே 40ஏ சட்டத்தின் 10ஆம் பிரிவு கேட்பதைப் பிரித்துச் சொல்கிறேன். மண், மனையின் வடிவம், மேடுபள்ளம், இந்த மூன்றில் ஒன்றால் வந்த நிலைமை. அது உங்கள் மனையையோ கட்டடத்தையோ குறிப்பாகப் பாதிக்க வேண்டும், அந்த ஸோன் முழுக்கப் பொதுவாக இருக்கக் கூடாது. விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் கணிசமான கஷ்டம் வர வேண்டும், பணக்கஷ்டமும் சேரும். பொதுநலனுக்குப் பெரிய கேடு இருக்கக் கூடாது. பைலாவின் (டவுனின் ஸோனிங் விதிநூல்) நோக்கம் குலையக் கூடாது. ஒன்று குறைந்தாலும் மனு விழும். எல்லாம் இருந்தாலும் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் போர்டுக்கு இல்லை.

மனை சிறியது என்பது 'வடிவம்' ஆகாது. உங்கள் 84 அடி தெருமுகத்தைப் பற்றி நீட்டி எழுதாதீர்கள். தெருவில் எல்லா மனையும் 80, 85 அடி என்றால் அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

மனுவில் 'கஷ்டம்' என்ற கட்டத்தில் பெரும்பாலோர் எழுதுவது இப்படி இருக்கும்:

"எங்களிடம் இரண்டு கார்கள் உள்ளன. பனிக்காலத்தில் மிகவும் சிரமம். பக்கத்து வீடுகளில் எல்லாம் கராஜ் இருக்கிறது. வயதான பெற்றோர் உடன் இருக்கிறார்கள்."

நாலு வாக்கியத்தில் மனையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மூன்றாவது வாக்கியம் கொஞ்சம் ஆபத்தும்கூட. பக்கத்து வீடுகள் செட்பேக் விதியை மீறாமலேயே கராஜ் கட்டியிருந்தால், "அவர்களால் முடிந்தது உங்களால் ஏன் முடியவில்லை?" என்று கேட்பார்கள். எழுத வேண்டியது இந்த மாதிரி (எண்கள் மாதிரிக்கு மட்டும், உங்கள் அளவுகளைப் போடுங்கள், மனு ஆங்கிலத்தில்தான் போகும்):

"வீட்டின் பின்சுவரிலிருந்து 14 அடியில் பாறை தரைக்கு மேலே தெரிகிறது. பின்முற்றத்தின் கிழக்குப் பாதியில் 10 அடிக்கு ஒன்றாக 12 இடத்தில் இரும்புக் கம்பி இறக்கியதில், 9 இடத்தில் 2 அடிக்குள் பாறை தட்டியது (இணைப்பு 3, வரைபடமும் படங்களும்). மேற்குப் பாதியில் லீச் ஃபீல்டு உள்ளது. மண் பரிசோதனைப்படி மனையில் அதற்குத் தகுந்த இடம் அது ஒன்றே (இணைப்பு 4). அதிலிருந்து 10 அடிக்குள் ஸ்லாப் அடித்தளம் போட முடியாது. தெருவின் இதே பக்கத்தில் உள்ள ஐந்து மனைகளில் பின்முற்றம் சமதளமாக உள்ளது (இணைப்பு 5, உயரக்கோட்டு வரைபடம்). ஆகவே செட்பேக்குக்கு உட்பட்டு கராஜ் அமைக்க இம்மனையில் வேறு இடம் இல்லை."

கம்பி இறக்குவது பெரிய வேலை இல்லை. அரை அங்குலக் கம்பி, சுத்தியல், அளவு நாடா, ஒரு சனிக்கிழமை. தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரும் டிக் சேஃபுக்குச் சொல்லிவிடுங்கள், லீச் ஃபீல்டு பக்கம் கம்பியைக் கொண்டுபோகவே வேண்டாம். செப்டிக்கின் பழைய வரைபடம் போர்டு ஆஃப் ஹெல்த் அலுவலகத்தில் இருக்கும். கேட்டால் நகல் தருவார்கள்.

#6 எடிசன்காரன்

இவ்ளோ பண்ணியும் "கராஜ் இல்லாமலே அறுபது எழுபது வருஷமா அந்த வீட்ல குடியிருக்காங்களே, என்ன கஷ்டம்?"னு ஒரு மெம்பர் கேட்டா?

#7 பாறைமேல்வீடு

கேட்பார்கள். அதற்கு வலுவான பதில் கிடையாது என்பதுதான் உண்மை. மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் இதில் கறார். வீட்டை நியாயமாக அனுபவிக்க முடிகிறது என்றால் கராஜ் இல்லாததை 'கணிசமான கஷ்டம்' என்று ஏற்பது அரிது. சின்ன டவுன் போர்டுகள் நடைமுறையில் இளகிய மனதோடு கொடுத்துவிடுவது உண்டு. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போனால், நீதிபதி உண்மைகளை முதலிலிருந்து புதிதாக விசாரிப்பார். போர்டு இளகியது அங்கே உதவாது. நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

அதனால் என் கருத்து: வேரியன்ஸைக் கடைசிக் கதவாக வையுங்கள். முன்னால் மூன்று கதவு இருக்கிறது.

ஒன்று, டவுனின் பைலாவைத் திறந்து 'ஸ்பெஷல் பெர்மிட் மூலம் செட்பேக்கைக் குறைக்கலாம்' என்று ஏதாவது பிரிவு இருக்கிறதா பாருங்கள். பல டவுன்களில் இருக்கிறது. அதற்குப் பாறையும் வேண்டாம், கஷ்டமும் வேண்டாம். அக்கம்பக்கத்துக்குக் கெடுதல் இல்லை என்று காட்டினால் போதும். இரண்டு, தனியாக நிற்கும் துணைக் கட்டடத்துக்கு செட்பேக் குறைவாக இருக்கலாம். 20க்குப் பதில் 10 என்றால் கணக்கே வேறு. மூன்று, அகலத்தைக் குறையுங்கள். 14 அடி எதற்கு? ஒற்றைக் காருக்கு வெளியளவு 12 அடி போதும். 8 அடி கதவு, பக்கத்துக்கு இரண்டு அடி சுவரோடு. அப்போது 10 அடி மிஞ்சும். கேட்பது 12 அடிச் சலுகையிலிருந்து 10 அடியாகிறது. "இதைவிடச் சின்னதாகக் கட்ட முடியாது" என்று வாயால் சொல்வதைவிட, ஒதுக்கிய இரண்டு வரைபடங்களை, பின்பக்கம் ஒன்று, 14 அடி ஒன்று, எதனால் ஒதுக்கினோம் என்ற குறிப்போடு வைத்தால் எடுபடும்.

#8 ஸ்காபரோச்சுடர்

இதை வாசிக்கிற கனடாக்காரர் குழம்பக்கூடாது எண்டு எழுதுறன். ஒன்டாரியோவில இதுக்குப் பேர் மைனர் வேரியன்ஸ், போறது கமிட்டி ஆஃப் அட்ஜஸ்ட்மென்ட்டுக்கு. அங்க காணிக்குக் கஷ்டம் இருக்கோ எண்டு கேக்கிறேல்ல. நாலு சோதனை: கேக்கிறது சின்ன விலகலோ, காணிக்குப் பொருத்தமான அபிவிருத்தியோ, ஸோனிங் பைலாவின்ர நோக்கத்தோட ஒத்துப்போகுதோ, ஒஃபிஷியல் பிளானோட ஒத்துப்போகுதோ. முடிவு வந்து 20 நாளுக்குள்ள அப்பீல். 2022 நவம்பரில வந்த பில் 23க்குப் பிறகு அயலவரால அப்பீல் செய்யேலாது; விண்ணப்பிச்ச ஆளும் மாநகரசபை மாதிரியான பொது அமைப்புகளும்தான். அதால ரொறன்ரோவில நடந்த கதையை வைச்சு பொஸ்டன் பக்கத்து ஆக்களுக்கு "பக்கத்து வீட்டாரைப் பற்றிப் பயப்பிடாதேங்கோ" எண்டு புத்தி சொல்லாதேங்கோ.

#9 அளவுகோல்

சர்வே பற்றி யாரும் பேசவில்லை. மனுக்கள் அதிகம் சிக்குவது இங்கேதான்.

வடக்குமுற்றம், 11.5, 22 என்ற அளவுகள் எங்கிருந்து வந்தன? வீடு வாங்கும்போது கொடுத்த மார்ட்கேஜ் இன்ஸ்பெக்ஷன் பிளானிலிருந்து என்றால் நம்பாதீர்கள். அது வங்கிக்காகத் தோராயமாக வரைந்தது. எல்லை நிர்ணயத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். வேலியிலிருந்து நாடா பிடித்ததும் செல்லாது, வேலி எல்லையில்தான் நிற்கிறது என்று யார் சொன்னது? லைசென்ஸ் உள்ள லேண்ட் சர்வேயர் முத்திரையிட்ட பிளாட் பிளான் (மனை வரைபடம்) வேண்டும். எல்லை மூலைகளில் இரும்பு ஊசி அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அடித்தளம் போடும்போது உதவும்.

பிளானில் இருக்க வேண்டியவை: எல்லாப் பக்கமும் இப்போதைய செட்பேக், வரப்போகும் செட்பேக், பத்தில் ஒரு அடி துல்லியத்தில், மனையில் கட்டடம் மூடும் பரப்பு எத்தனை சதவீதம், முன்பும் பின்பும், லீச் ஃபீல்டு, செப்டிக் டேங்க், பாறையின் விளிம்பு. ஈரநிலம் 100 அடிக்குள், ஆறு 200 அடிக்குள் இருந்தால் அந்தக் கோடும். அப்படி இருந்தால் கன்சர்வேஷன் கமிஷனுக்குத் தனி மனு.

எதிலிருந்து எதுவரை அளப்பது என்பது டவுனுக்கு டவுன் மாறும். சில பைலா அடித்தளச் சுவரிலிருந்து, சில கூரை விளிம்பிலிருந்து. ஓர் அடி ஓவர்ஹாங் இருந்து, பைலா கூரை விளிம்பைச் சொன்னால், உங்கள் 8 அடி உண்மையில் 7.

இன்னொன்று. 8.0 அடி மிஞ்சும் என்று கணக்கு வந்தால் மனுவில் 8.0 என்று கேட்காதீர்கள், 7.5 என்று கேளுங்கள். கான்கிரீட் ஃபார்ம் இரண்டு அங்குலம் நகர்ந்தால் 7.83, அப்போது கையில் இருக்கும் 8.0 வேரியன்ஸை மீறிய கட்டடம் உங்களுடையது. மறுபடி போர்டு, மறுபடி நோட்டீஸ். அடித்தளம் காய்ந்ததும், மரச்சட்டம் ஏற்றுவதற்கு முன், சர்வேயரைக் கூப்பிட்டு அஸ்-பில்ட் (கட்டியபடியே அளந்த வரைபடம்) எடுத்துக்கொள்ளுங்கள். சில டவுன்களில் அது கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் எடுங்கள்.

#10 வடக்குமுற்றம்

அளவுகள் மார்ட்கேஜ் பிளானிலிருந்துதான். 😐 சர்வேயரைத் தேடுகிறேன். செப்டிக் மூன்று படுக்கையறைக்கு என்று பதிவில் இருக்கிறது. துணை வீட்டுக்கு ஒரு படுக்கையறை கூடினால்?

#11 பாறைமேல்வீடு

மாநில விதி, டைட்டில் 5 என்பார்கள், படுக்கையறைக்கு நாளுக்கு 110 காலன் என்று கணக்கிடுகிறது. மூன்றுக்கு 330, நான்குக்கு 440. மேல்மாடியில் வரும் அறைகளையும் எண்ணுங்கள். 'ஸ்டடி' என்று பெயர் வைத்தாலும் கதவும் ஜன்னலும் தனிமையும் இருந்தால் படுக்கையறையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். லீச் ஃபீல்டிலிருந்து நிலவறைச் சுவருக்கு 20 அடி, ஸ்லாபுக்கு 10 அடி. துணை வீட்டை நிலவறை இல்லாமல் ஸ்லாப் மேல் கட்டினால் இடம் கிடைக்கலாம். ஸோனிங் போர்டுக்குக் காசு கட்டுவதற்கு முன்னால் போர்டு ஆஃப் ஹெல்த்தில் இதை முடித்துக்கொள்ளுங்கள். இங்கே ஜெயித்து அங்கே தோற்றால் கையில் ஒரு பயனற்ற வேரியன்ஸ் இருக்கும், அதற்கும் ஆயுள் ஒரு வருஷம்தான்.

#12 கணக்குப்பிள்ளை

தேதிக் கணக்கை ஒரே இடத்தில் போடுகிறேன். வாதம் நன்றாக இருந்தும் தேதியில் கோட்டை விட்ட மனுக்கள்தான் கோர்ட் தீர்ப்புகளில் நிறைய.

மனுவை டவுன் கிளார்க்கிடம் கொடுத்து, தேதியும் நேரமும் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். போர்டு 65 நாளுக்குள் விசாரணை வைக்க வேண்டும். வேரியன்ஸில் மனு கொடுத்த நாளிலிருந்து 100 நாளுக்குள் முடிவு. நீட்டிக்க வேண்டுமானால் இரு தரப்பும் எழுதிக் கையெழுத்திட்டு கிளார்க்கிடம் தாக்கல் செய்ய வேண்டும், வாய்ச்சொல் போதாது.

நோட்டீஸ்: உள்ளூர்ப் பத்திரிகையில் அடுத்தடுத்த இரண்டு வாரம், முதல் விளம்பரம் விசாரணைக்குக் குறைந்தது 14 நாள் முன்னால். டவுன் ஹாலிலும் 14 நாள் ஒட்டியிருக்க வேண்டும். தபால் யாருக்கு என்றால், ஒட்டிய மனைக்காரர்கள், தெருவுக்கு நேர் எதிரே உள்ளவர்கள், உங்கள் எல்லையிலிருந்து 300 அடிக்குள் வரும் 'ஒட்டியவருக்கு ஒட்டியவர்', உங்கள் டவுனின் பிளானிங் போர்டு, எல்லை தொடும் பக்கத்து டவுன்களின் பிளானிங் போர்டு. பட்டியலை அசெசர் (சொத்துவரி மதிப்பீட்டு) அலுவலகம் சான்றளித்துத் தரும். அதை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் பழசாகிவிடும்; மனு கொடுக்கும் வாரத்தில் வாங்குங்கள்.

விளம்பரத்தின் வாசகத்தை நீங்களே படியுங்கள். "வலப்பக்க செட்பேக் 20க்குப் பதில் 7.5 அடி" என்று மட்டும் போட்டு, விசாரணையன்று கட்டடப் பரப்புச் சதவீதமும் மீறுகிறது என்று தெரிந்தால், மறுபடி விளம்பரம், மறுபடி தபால், இரண்டு மாதம் போச்சு. கேட்கும் ஒவ்வொரு சலுகையும் பைலா பிரிவு எண்ணோடு அதில் இருக்க வேண்டும்.

ஓட்டு: ஐந்து பேர் போர்டில் நாலு ஓட்டு, மூன்று பேர் போர்டில் மூன்றும். ஐந்தில் நாலு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் ஒரே ஒருவர் மறுத்தால் முடிந்தது. அன்றைக்குத் தலைவரே "தொடரட்டுமா, தள்ளிவைக்கலாமா?" என்று கேட்பது வழக்கம், கூச்சப்படாமல் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். ஒரு அமர்வுக்கு மட்டும் வராத உறுப்பினர், பதிவைப் பார்த்து எழுத்தில் சான்றளித்தால் ஓட்டுப் போடலாம், அந்த ஏற்பாட்டை டவுன் ஏற்றுக்கொண்டிருந்தால்.

காற்று எதிரே அடிக்கிறது என்று தெரிந்தால் ஓட்டுக்கு முன் மனுவை 'வித்தவுட் பிரெஜுடிஸ்' என்று, அதாவது மறுபடி போடும் உரிமை கெடாமல், திரும்பப் பெற அனுமதி கேளுங்கள். பத்திரிகை விளம்பரம் வந்தபின் அதற்குப் போர்டின் ஒப்புதல் வேண்டும். தோற்றுவிட்டால் அதே மனுவை இரண்டு வருஷத்துக்குத் தொட முடியாது. தொட வேண்டுமென்றால் குறிப்பிடத்தக்க மாற்றம் இருப்பதாகப் போர்டு ஏற்க வேண்டும், பிளானிங் போர்டில் ஒருவர் தவிர மற்ற எல்லோரும் சம்மதிக்க வேண்டும்.

ஜெயித்த பிறகு: முடிவு 14 நாளுக்குள் டவுன் கிளார்க்கிடம் தாக்கலாகும். அதிலிருந்து 20 நாள் அப்பீல் காலம். 20 நாள் கழிந்தது, அப்பீல் இல்லை என்று கிளார்க் சான்றெழுதிய நகலை ரெஜிஸ்ட்ரி ஆஃப் டீட்ஸில் (பத்திரப் பதிவகம்) பதிவு செய்யும்வரை வேரியன்ஸுக்கு உயிர் இல்லை. உங்கள் டீட் புத்தகம், பக்க எண்ணில் இருக்கிறதா, லேண்ட் கோர்ட் சர்ட்டிபிகேட் எண்ணில் இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள். ஒரு வருஷத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. கெடு முடிவதற்கு முன் எழுதிக் கேட்டால் அதிகபட்சம் 6 மாதம் கூடும். டிராகட் வழக்கில், 2009, ஒரு வருஷத்துக்குள் பதிவு செய்யாததாலேயே வேரியன்ஸ் போனது. பீபடி வழக்கில், 2013, பதிவு தாமதமாகியும், பெர்மிட் வாங்கிக் கட்ட ஆரம்பித்து நிறையச் செய்துவிட்டதால் தப்பியது. இரண்டாவது ஆளாக இருக்க ஆசைப்படாதீர்கள். வருஷத்தை ஓட்டுப் போட்ட நாளிலிருந்தே எண்ணுங்கள்.

#13 இரண்டாம்கதவு

இடையில் ஒரு கேள்வி. வாங்கிய வீட்டில் முந்தைய உரிமையாளர் பெர்மிட் இல்லாமல் போட்ட டெக், எல்லைக்கு 6 அடியில். இதற்கும் மாசசூசெட்ஸில் வேரியன்ஸ் வேண்டுமா?

#14 கணக்குப்பிள்ளை

டெக்குக்கு எத்தனை வயசு என்பதைப் பொறுத்தது. 2016 திருத்தத்துக்குப் பிறகு, 10 வருஷம் நடவடிக்கை நோட்டீஸ் எதுவும் பதிவாகாமல் நின்றுவிட்ட கட்டுமானம், ஸோனிங்கைப் பொறுத்தவரை சட்டப்படியான பழைய மீறலாகிவிடும். பெர்மிட்டோடு, அந்தப் பெர்மிட்டின்படியே கட்டியிருந்தால் 6 வருஷம். வயசை நிரூபிக்க தேதியிட்ட வான்படங்கள், அசெசர் அலுவலகத்தின் பழைய சொத்து அட்டை, முந்தைய விற்பனை விளம்பரப் படங்கள். ஆனால் கட்டடப் பாதுகாப்பு விதிக்கு இந்த 10 வருஷம் பொருந்தாது. கால்கள் 4 அடி ஆழத்துக்கு, உறைபனிக் கோட்டுக்குக் கீழே, போகவில்லை என்றால் இன்ஸ்பெக்டர் அதைத் தனியாகக் கேட்பார்.

#15 நஷுவாவாசி

எல்லையைத் தாண்டி நியூ ஹாம்ஷயரில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. இங்கே ஐந்து நிபந்தனை, மூன்று ஓட்டு. 2001இல் சிம்ப்ளெக்ஸ் வழக்குக்குப் பிறகு கஷ்டத்தின் அளவுகோல் மாசசூசெட்ஸை விடத் தளர்ந்தது. தோற்றால் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. 30 நாளுக்குள் அதே போர்டிடம் மறுவிசாரணை கேட்டிருக்க வேண்டும், மனுவில் எழுதாத காரணத்தை அப்புறம் கோர்ட்டில் எழுப்புவதும் கடினம். ஊனமுற்றவர் அந்த வீட்டைப் பயன்படுத்துவதற்காக, அவருக்குத் தேவைப்படும் காலம்வரை மட்டும் என்று தனி வேரியன்ஸ் பிரிவும் உண்டு. எடிசன் நண்பரின் டாக்டர் கடிதத்துக்கு ஏற்ற இடம் இதுதான்!

#16 எடிசன்காரன்

சரி சரி, கடிதத்தை விட்டுடறேன் 😄 ஆனா பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட கையெழுத்து வாங்கறதாவது உதவுமா, அதுவும் சட்டத்துல இல்லையா?

#17 பாறைமேல்வீடு

சட்டத்தில் இல்லை. தெருவே கையெழுத்துப் போட்டாலும் ஐந்து நிபந்தனையில் ஒன்றுகூட நிரம்பாது. ஆனாலும் வாங்குங்கள். காரணம் அந்த 20 நாள். வேரியன்ஸை உடைக்க வழக்குப் போட உரிமையுள்ளவர்கள் பெரும்பாலும் அந்த 300 அடிக்குள் இருப்பவர்கள். வடக்குமுற்றத்தின் விஷயத்தில் வலப்பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கடிதம், தெருவின் மற்ற பதினைந்து கையெழுத்தைவிடப் பெரியது.

மனுப் போடுவதற்கு முன்னால், வரைபடத்தை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். தபாலில் வரும் சட்ட நோட்டீஸ்தான் அவர்களுக்கு முதல் செய்தி என்றால், அதுவே பகையாக முடியும். போகிறபோது எல்லை ஊசிகளுக்கு நடுவே ஒரு கயிறு கட்டி, கராஜ் சுவர் வரும் இடத்தில் நாலு கழி நட்டு வையுங்கள். தாளில் பார்க்கும் 8 அடி வேறு, நின்று பார்க்கும் 8 அடி வேறு. அவர்கள் கவலை பெரும்பாலும் மூன்று: மழைநீர் தங்கள் பக்கம் வருமா, பனியை எங்கே தள்ளுவீர்கள், விளக்கு எங்கள் ஜன்னலில் அடிக்குமா. கூரையின் தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இறங்குகிறது, எங்கே கல் நிரப்பிய குழி என்று பிளானிலேயே காட்டிவிடுங்கள். எல்லைப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்காதீர்கள். இவற்றைப் போர்டு நிபந்தனையாக எழுதட்டும் என்று நீங்களே முன்வந்தால் கேட்பவர் மனசு இறங்கும்.

கடிதம் "எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று மொட்டையாக இருக்கக் கூடாது. "இன்ன தேதியிட்ட, இன்ன சர்வேயரின் பிளானைப் பார்த்தோம், கராஜ் எங்கள் எல்லையிலிருந்து 7.5 அடியில் வரும் என்று தெரியும்" என்று இருக்க வேண்டும். பிளான் மாறினால் புதுக் கடிதம்.

#18 வடக்குமுற்றம்

தீர்மானித்தது: துணை வீட்டுக்கு இன்ஸ்பெக்டருக்குக் கடிதம் நாளை. மேல்மாடிக்கு 6ஆம் பிரிவு மனு தனியாக. கராஜுக்கு முதலில் பைலாவில் ஸ்பெஷல் பெர்மிட் பிரிவு இருக்கிறதா பார்க்கிறேன். வலப்பக்கத்துக்காரர் வருஷத்தில் பாதி ஃபுளோரிடாவில் இருப்பவர். அவருக்குத் தபால் எந்த முகவரிக்குப் போகும்?

#19 கணக்குப்பிள்ளை

அசெசரின் வரிப் பட்டியலில் இருக்கும் முகவரிக்கு. சட்டப்படி அது போதும். ஆனால் ஃபுளோரிடா முகவரியைக் கேட்டு வாங்கி, இன்னொரு நகலைச் சான்றுத் தபாலில் அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள். பைலாவில் ஸ்பெஷல் பெர்மிட் பிரிவைத் தேடும்போது செட்பேக் அட்டவணைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் அடிக்குறிப்புகளையும் படியுங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஒளித்துவைத்திருப்பார்கள்.

#20 வடக்குமுற்றம்

அடிக்குறிப்பு 7! "துணைக் கட்டடம், 15 அடி உயரத்துக்கு உட்பட்டது, பக்க எல்லைக்கு 10 அடி." வீட்டிலிருந்து குறைந்தது 6 அடி தள்ளி இருக்க வேண்டுமாம்.

#21 அளவுகோல்

22 அடியில் எல்லைக்கு 10, வீட்டுக்கு 6 போனால் மிஞ்சுவது 6. பக்கத்தில் நிறுத்த முடியாது. கராஜை வீட்டின் பின்மூலைக்கு அப்பால் தள்ளினால் 6 அடி குறுக்காக அளக்கப்படும், 12 அடி அகலமும் நிற்கும். பாறை 14 அடியில் தொடங்குகிறதா, லீச் ஃபீல்டு எங்கே முடிகிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும். கம்பியை எடுத்துக்கொண்டு முதலில் அந்த மூலைக்குப் போங்கள்.